மஞ்சள் கோடு தாரில், கார் பிளாட்பாரத்தில்: டிக்கெட் செல்லுமா?

2025 செப்டம்பர் 6, வாசகர் கேள்வி

கிழக்கு லண்டனில் ஒரு கடைத்தெரு. ஓரத்தில் இரட்டை மஞ்சள் கோடு. பின்னால் வரும் பஸ்ஸுக்கு இடைஞ்சல் வேண்டாமே என்று நாலு சக்கரத்தையும் பிளாட்பாரத்தில் ஏற்றி, சுவரை ஒட்டி நிறுத்திவிட்டு மருந்துக்கடைக்குப் போனேன். திரும்பி வருவதற்குள் கண்ணாடியில் அபராத டிக்கெட். கோடு தாரில்தான் போட்டிருக்கிறது, நான் தாரிலேயே இல்லை. பிளாட்பாரத்தில் நிறுத்தாதே என்று ஒரு பலகையும் கிடையாது. அகலமான பிளாட்பாரம், ஆள் நடக்கத் தாராளமாக இடம் விட்டிருந்தேன். இது செல்லாதுதானே?

செப்டம்பர் 6, இரவு

செல்லும்.

மஞ்சள் கோடு என்பது அந்த ஓரத்தில் வண்டி நிறுத்த ஒரு தடை இருக்கிறது என்று காட்டும் அடையாளம், அவ்வளவுதான். தடை கோட்டோடு நின்றுவிடாது. சாலையின் நடுவிலிருந்து பொது வழி முடியும் இடம்வரை, அதாவது பெரும்பாலும் கடைச் சுவர்வரை, அதன் ஆட்சி. பிளாட்பாரமும் ஓரத்துப் புல்லும் அதற்குள் அடக்கம்.

லண்டனில் அதற்கு மேலும் ஒன்று உண்டு. கிரேட்டர் லண்டன் கவுன்சிலின் 1974 சட்டம், 15ஆம் பிரிவு. மஞ்சள் கோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நகரம் முழுக்க பிளாட்பாரத்தில் வண்டி நிறுத்தக்கூடாது. ஒரே ஒரு சக்கரம் ஏறியிருந்தாலும் போதும். பலகை வைக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. எங்கே நிறுத்தலாமோ அங்கேதான் பலகை வைப்பார்கள்: நீலத்தில், கார் பாதி ஏறி நிற்கிற படம் போட்டு. அது இல்லையென்றால் கூடாது என்று அர்த்தம்.

எவ்வளவு இடம் விட்டீர்கள் என்பதும் கணக்கில் வராது. அளவு நாடா எடுத்துக்கொண்டு, டிக்கெட் எழுதுகிற எந்த வார்டனும் வருவதில்லை.

செப்டம்பர் 7

டிக்கெட்டில் எந்த எண் என்று பாருங்கள். 01 என்றால் மஞ்சள் கோட்டுக் குற்றம். 62 என்றால் பிளாட்பாரக் குற்றம். உங்கள் கதையில் இரண்டில் எது எழுதினாலும் பொருந்தும், ஆனால் பதில் எழுதப்போகிறீர்கள் என்றால் வேறு வேறு வாதம். 62 வந்திருக்கிற ஆள் மஞ்சள் கோடு அழிந்துபோயிருந்தது என்று படம் எடுத்து அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். கோட்டைப் பற்றி யாரும் பேசவே இல்லையே ஐயா!

செப்டம்பர் 7, பிற்பகல்

தொகையைப் பலரும் கேட்டதால்: லண்டனில் 2025 ஏப்ரல் முதல் அதிகபட்சம் 160 பவுண்டு, அதற்கு முன் 130. பகுதியைப் பொறுத்துக் கொஞ்சம் குறையும். 14 நாளுக்குள் கட்டினால் பாதி. லண்டனுக்கு வெளியே இங்கிலாந்தில் இதே குற்றத்துக்குப் பெரும்பாலும் 70 பவுண்டு, அதிலும் பாதி உண்டு.

கட்டிவிட்டு எதிர்க்க முடியாது. பணம் போனதும் கோப்பு மூடப்பட்டது. எதிர்ப்பதாக இருந்தால் கட்டாமல், 14 நாளுக்குள் கவுன்சிலுக்கு, அதாவது டிக்கெட் கொடுத்த உள்ளாட்சிக்கு, எழுதுங்கள். மறுத்துப் பதில் போட்டாலும் பெரும்பாலான கவுன்சில்கள் பாதித் தொகைக்கு இன்னொரு 14 நாள் தருவார்கள்.

ஒன்றும் செய்யாமல் மேசை டிராயரில் போட்டு வைப்பதுதான் மோசமான வழி. 28 நாள் கழிந்ததும் வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குக் கடிதம் வரும். அதையும் கண்டுகொள்ளாவிட்டால் தொகை ஒன்றரை மடங்கு ஆகும். அப்புறம் ஜப்தி ஆள் வாசலில் நிற்பான்.

செப்டம்பர் 9

"என் தெருவில் எல்லோரும் ஏற்றித்தான் நிறுத்துகிறார்கள், ஒருவருக்கும் டிக்கெட் வரவில்லை" என்று ஒருவர். வரிசைவீடுகள் உள்ள குறுகலான தெருவாக இருக்கும். அங்கே கவுன்சிலே தீர்மானம் போட்டு அனுமதித்திருக்கலாம். தெருமுனையில் நீலப் பலகையைத் தேடுங்கள். பிளாட்பாரத்தின் மேலேயே வெள்ளைக் கோட்டில் கட்டம் போட்டிருப்பார்கள்.

நான் முன்பு குடியிருந்த தெரு அப்படித்தான். இரண்டு சக்கரம் மேலே, இரண்டு கீழே. பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர், தன் கண்ணாடியை யாரும் தட்டிவிடக் கூடாது என்று நாலையும் ஏற்றி, வீட்டு வேலியை முட்டி நிறுத்துவார். அவருக்கு மட்டும் டிக்கெட். தெருவே சேர்ந்து சதி செய்துவிட்டது என்று கடைசிவரை நம்பினார். அனுமதி இரண்டு சக்கரத்துக்குத்தான், கட்டத்துக்கு வெளியே போனால் அனுமதி இல்லை என்று நான் சொன்னதிலிருந்து என்னையும் சதிகாரர் பட்டியலில் சேர்த்துவிட்டார்.

செப்டம்பர் 12

கடை முன்னால் உள்ள சொந்த இடம் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். இதில் எனக்கு நேரடி அனுபவம் இருக்கிறது.

பல வருடங்களுக்கு முன் ஜெராக்ஸ், பாஸ்போர்ட் படம் எடுக்கிற சின்னக் கடை வைத்திருந்தேன். ஷட்டருக்கும் பொதுப் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஒரு காரின் நீளத்துக்கு சிமென்ட் தரை, கடையோடு சேர்ந்தது. தினமும் அங்கேதான் என் கார் நிற்கும். ஒருநாள் டிக்கெட், எண் 62. வார்டனிடம் கேட்டதற்கு "எனக்கு எல்லாம் பிளாட்பாரமாகத்தான் தெரிகிறது" என்றார். பார்த்தால் அப்படித்தான் இருக்கும், இரண்டும் ஒரே சாம்பல் நிறம்.

ஆனால் எல்லை எங்கே என்று தரையிலேயே இருந்தது. தெருவோடு இணையாக, கல்லுக்குள் பதித்த பித்தளைக் குமிழ்கள், ரூபாய்க் காசு அளவில், வரிசையாக. லண்டனின் பழைய கடைத்தெருக்களில் குனிந்து பார்த்தால் கிடைக்கும். குமிழுக்கு உள்ளே தனியார் இடம் என்பதற்கு அடையாளம். வார்டன் எடுத்த படத்தை கவுன்சிலின் இணையதளத்தில் இறக்கிப் பெரிதாக்கினால் என் முன்சக்கரத்துக்கு வெளியே இரண்டு குமிழ் பளபளக்கிறது. அவர் படத்தையே அவருக்கு எதிராக வைத்தேன். நிலப் பதிவகத்திலிருந்து மனைப் படம் ஒன்றையும் இணைத்தேன். அப்போது 3 பவுண்டு, இப்போது 7. சில வாரத்தில் ரத்து செய்து கடிதம் வந்தது. மன்னிப்பெல்லாம் கிடையாது.

செப்டம்பர் 12, பின்குறிப்பு

குமிழைத் தேடித் தரையைப் பார்த்தபடி நடக்காதீர்கள், கம்பத்தில் முட்டிக்கொள்வீர்கள்.

செப்டம்பர் 20

மேலே எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர் மனைப் படத்தை மட்டும் வைத்து எழுதியிருக்கிறார். மறுத்துவிட்டார்கள். ஆகவே இதை இன்னும் விளக்கவேண்டும்.

நிலம் யாருடையது என்பதோடு விஷயம் முடியவில்லை. 1984ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்து ஒழுங்குமுறைச் சட்டத்தில், பொதுமக்கள் போய்வரும் வழி எல்லாம் சாலைக்குள் வரும். உங்கள் பத்திரத்தில் இருக்கிற சிமென்ட் தரை மேல் ஊரே நடந்து போனால், இதுவும் சாலைதானே என்று கவுன்சில் வாதாட இடம் இருக்கிறது.

என் கடையில் இரண்டு குட்டைத் தூணும் நடுவில் ஒரு சங்கிலியும் இருந்தன. பகலில் கார் நிறுத்தியதும் மாட்டிவிடுவேன், சைக்கிள்காரர்கள் உள்ளே புகுந்து போகாமல் இருக்க. அந்தச் சங்கிலியும் படத்தில் விழுந்திருந்தது. இப்போது யோசித்துப் பார்த்தால் பத்திரத்தைவிட அந்தச் சங்கிலிதான் என்னைக் காப்பாற்றியிருக்கும் என்று தோன்றுகிறது. அந்த நண்பரின் கடை முன்னால் அப்படி எதுவும் இல்லை. மாறாக பஸ் நிறுத்தத்துக்குப் போகிற குறுக்கு வழியே அதுதானாம்.

செப்டம்பர் 21

வீட்டு வாசல் கேள்விக்கு: முன்தோட்டத்தைக் கல் பாவி கார் நிறுத்துகிறவர்கள் கவனிக்க. உங்கள் கேட்டுக்கும் தாருக்கும் நடுவே சரிவாக இறக்கியிருக்கிற பகுதி உங்களுடையது இல்லை. கார் ஏறி இறங்கத்தான் இறக்கியிருக்கிறார்கள். அது இன்னும் பிளாட்பாரம். பெரிய கார் வாங்கிவிட்டு, பின்சக்கரம் இரண்டும் வெளியே நிற்கிற வீடுகள் ஹாரோ பக்கம் நிறைய. விருந்தாளி வந்தால் இரண்டாவது காரைக் கேட்டுக்குக் குறுக்கே பிளாட்பாரத்தில் போடுகிறவர்களும் உண்டு. என் வாசல், என் கேட் என்பது 62க்குப் பதில் ஆகாது.

பம்பர் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தால்? சட்டம் பேசுவது சக்கரத்தைப் பற்றி. ஆனால் தள்ளுவண்டிக் குழந்தையோடு வருகிற அம்மா சட்டம் படித்துவிட்டு வரமாட்டார், திட்டு நிச்சயம்.

செப்டம்பர் 28

கோவில் விஷயத்துக்கு வராமல் இருக்க முடியுமா. ஹைகேட் முருகன் கோவில் ஆர்ச்வே சாலையில், அதாவது ஏ1 நெடுஞ்சாலை மேலேயே இருக்கிறது. சிவப்புக் கோடு. மஞ்சளில் ஆளை இறக்கிவிட்டுப் போகலாம், சிவப்பில் நிற்கவே கூடாது. டாக்சிக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டை வைத்திருப்பவர்களுக்கும் ஏற்றி இறக்க மட்டும் விலக்கு. சிவப்பின் தடையும் பிளாட்பாரத்துக்கு நீளும். முருகனுக்குக் குன்று கிடைத்துவிட்டது, பக்தனுக்குத்தான் பார்க்கிங் கிடைக்கவில்லை. ஆர்ச்வே ஸ்டேஷனில் இறங்கி மேடேறுங்கள், பழனி என்று நினைத்துக்கொண்டு.

அக்டோபர் 5

இந்த வாரம் வந்த கேள்விகளில் முக்கியமானது இதுதான். சமையல் ஆர்டர் எடுக்கும் ஒரு நண்பர். கல்யாண மண்டபத்துக்கு சாம்பார், சாதம், கூட்டு எல்லாம் பெரிய அண்டாவில். வாசலில் இரட்டை மஞ்சள். "ரோட்டை அடைக்க வேண்டாம்" என்று வேனைப் பிளாட்பாரத்தில் ஏற்றிவிட்டு, அவரும் மச்சானும் ஆளுக்கொரு காதைப் பிடித்து அண்டாவை உள்ளே தூக்கிப் போயிருக்கிறார்கள். வெளியே வந்தால் 62.

ரோட்டிலேயே, அந்த இரட்டை மஞ்சள் மேலேயே நிறுத்தியிருந்தால் டிக்கெட் வந்திருக்காது!

கேட்க விநோதமாக இருக்கிறது, ஆனால் விதி அப்படி. மஞ்சள் கோட்டில் கனமான சரக்கு ஏற்றி இறக்க விலக்கு உண்டு. பிளாட்பார விளிம்புக் கல்லில் குறுக்காகச் சின்னச் சின்ன மஞ்சள் கீற்றுகள் இல்லாமல் இருக்கவேண்டும், அவ்வளவுதான். கீற்று இருந்தால் இறக்கவும் தடை. நேரம் பக்கத்துப் பலகையில் இருக்கும். கீற்று இல்லையென்றால் வேலை நடக்கிறவரை நிற்கலாம், எவ்வளவு நேரம் என்பது கவுன்சிலுக்குக் கவுன்சில் மாறும். வார்டன் வந்தாலும் சரக்கு இறங்குகிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் எழுதவேண்டும்.

பிளாட்பாரத்தில் ஏறிவிட்டால் இந்தச் சலுகை போய்விட்டது. 62க்குக் காத்திருப்பு பொதுவாகக் கிடையாது, பார்த்ததும் எழுதலாம். 1974 சட்டத்திலும் சரக்குக்கு ஒரு விலக்கு இருக்கத்தான் செய்கிறது, ஆனால் இரண்டு நிபந்தனையோடு: அங்கே ஏற்றாமல் அந்த வேலையைச் சரியாகச் செய்யவே முடியாது என்று காட்டவேண்டும், வண்டியை ஒரு நொடியும் ஆளில்லாமல் விடக்கூடாது. அண்டாவுக்கு இரண்டு காது, ஆள் இரண்டு பேர். வேனில் உட்கார மூன்றாவது ஆள் எங்கே?

அக்டோபர் 6

நேற்று எழுதியதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான நீல அட்டையும் இதே மாதிரிதான். கீற்று இல்லாத மஞ்சள் கோட்டில், கடிகார அட்டையில் வந்து நிறுத்திய நேரத்தைத் திருப்பி வைத்து 3 மணி நேரம் நிற்கலாம். பிளாட்பாரத்தில் ஏறினால் அட்டை உதவாது.

என் அம்மாவுக்கு அட்டை இருக்கிறது. வாரம் ஒருமுறை கூட்டிப் போகும்போது நான் ரோட்டில்தான் நிறுத்துவேன், பின்னால் ஹாரன் அடிப்பார்கள், அடிக்கட்டும். முதல் முதலில் அப்படிச் செய்தபோது கூச்சமாக இருந்தது. ஓரமாக ஒதுங்கு என்று நம்மை வளர்த்துவிட்டார்கள். இந்த ஊர் விதியில் ஒதுங்குகிறவனுக்குத்தான் தண்டம். கேள்வி கேட்டவர்களில் பாதிப்பேர் பஸ்ஸுக்காக, பின்னால் வருகிறவருக்காக என்று நல்ல மனசோடுதான் ஏற்றியிருக்கிறார்கள்.

அம்மா காரில் ஏற இறங்கக் கைத்தடியோடு பிளாட்பாரத்தில்தான் நிற்பார். அங்கே இன்னொருவர் கார் நின்றால் அவர் தாரில் இறங்கித்தான் சுற்றிப் போகவேண்டும். கல் வேறு உடைந்திருக்கும். நடக்கிற பாரத்துக்குப் போட்ட கல் அது. ஒன்றரை டன் ஏறி இறங்கினால் ஒரு முனை தாழ்ந்து மறுமுனை தூக்கும், மழைத் தண்ணீர் அடியில் தேங்கும். மிதித்தால் முழங்கால்வரை சேறு பீய்ச்சும். எல்லோருக்கும் நடந்திருக்கும்.

அக்டோபர் 7

ஹசார்ட் லைட் போட்டுவிட்டுப் போனால் விலக்கா என்று ஒருவர். இல்லை. வார்டனுக்குத் தூரத்திலிருந்தே வண்டி தெரியும் என்பதுதான் பலன்.

அக்டோபர் 19

லெஸ்டர் நண்பர்: "எங்க ஊர்ல இந்தச் சட்டமே இல்லையே."

1974 சட்டம் லண்டனுக்கு மட்டும். மற்ற இங்கிலாந்தில் பிளாட்பாரத்தில் நிறுத்துவதற்கு மொத்தமாகத் தடை இல்லை. 2020இல் அரசு மக்களிடம் இதுபற்றிக் கருத்துக் கேட்டது, ஆகஸ்டில் தொடங்கி நவம்பரில் முடித்தார்கள். பிளாட்பாரத்தின் மேல் வண்டியை ஓட்டுவது 1835ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டத்திலேயே குற்றம். ஓட்டாமல் எப்படி ஏற்றினீர்கள் என்று கேட்டால் பதில் கிடையாது, ஆனால் யாரும் கேட்பதில்லை. வழியை அடைத்தால் போலீஸ் தலையிடலாம், அது வேறு.

ஆனால் நண்பரே, உங்கள் ஊரிலும் பிளாட்பாரத்தை ஒட்டி மஞ்சள் கோடு ஓடினால் கதை மாறிவிடும். நான் முதல் நாள் எழுதிய விதி, கோட்டின் தடை சுவர்வரை என்பது, நாடு முழுக்கப் பொது. லெஸ்டரில் 62க்குப் பதிலாக 01 வரும். கோடே இல்லாத தெருவில்தான் உங்கள் சுதந்திரம்.

ஸ்காட்லாந்து இதில் முந்திவிட்டது. 2019இல் சட்டம், எடின்பரோவில் 2024 ஜனவரி 29 முதல் அமல். 100 பவுண்டு, 14 நாளுக்குள் 50. சரக்கு இறக்குகிற வியாபார வண்டிக்கு 20 நிமிடம் தருகிறார்கள், ஆனால் நடக்க ஒன்றரை மீட்டர் விட்டிருக்கவேண்டும். அங்கேயாவது அளவு நாடாவுக்கு வேலை இருக்கிறது.

அக்டோபர் 20

மோட்டார் சைக்கிளும் வண்டிதான். ஆமாம், டெலிவரி பையனின் ஸ்கூட்டரும்.

நவம்பர் 2

முதலில் கேட்ட வாசகர் திரும்பி வந்தார். அவருக்கு வந்தது 62, பாதி கட்டிவிட்டாராம். ஒரு கேள்வி மட்டும் பாக்கி: பத்து நிமிடச் சலுகை ஒன்று உண்டு என்று மைத்துனர் சத்தியம் செய்கிறார்.

உண்டு. 2015இல் வந்தது. காசு கட்டியோ, இலவசமாகவோ முறைப்படி நிறுத்துகிற கட்டத்தில் நேரம் முடிந்த பிறகு 10 நிமிடம். மஞ்சள் கோட்டுக்கும் பிளாட்பாரத்துக்கும் அது கிடையாது. மைத்துனர் சொன்னது பாதி சரி, ஆகவே அவருக்கும் 14 நாளில் கட்டினால் பாதி.

நவம்பர் 16

சமையல் நண்பரின் வழக்கு. ஆளில்லாமல் விட்டதால் வாதம் நிற்காது என்று சொன்னேன், கேட்கவில்லை. தீர்ப்பாயம்வரை போகப் போகிறாராம். போகட்டும், லண்டன் ட்ரிப்யூனல்ஸில் முறையிடக் கட்டணம் இல்லை, போனிலும் பேசலாம். ஆனால் பாதித் தொகை சலுகை அதற்குள் போய்விடும், தோற்றால் முழுசு. மண்டபத்தின் முன்வாசல் படமும், வேறு வழியில்லை என்று காட்ட விளிம்புக் கல்லின் படமும் எடுத்து வைக்கச் சொன்னேன். அனுப்பினார். கல்லில் கீற்று இல்லை. அதாவது ரோட்டில் நிறுத்தியிருக்கலாம் என்பதற்கு அவரே சாட்சி கொடுத்திருக்கிறார். அந்தப் படத்தை அனுப்பவேண்டாம் என்று பதில் போட்டிருக்கிறேன். கவுன்சிலிடம் அதே கல்லின் படம் இருக்கும் என்பது வேறு விஷயம்.

நவம்பர் 23

தலைப்புக்குச் சம்பந்தம் குறைவு, ஆனால் இரண்டு பேர் மாட்டியிருக்கிறார்கள். "உங்கள் பார்க்கிங் அபராதம் பாக்கி, இன்றே கட்டாவிட்டால் லைசென்ஸ் போகும்" என்று போனில் குறுஞ்செய்தி வந்தால் லிங்கைத் தொடாதீர்கள், மோசடி. டிக்கெட் கண்ணாடியில் ஒட்டப்படும், அல்லது தபாலில் வரும். சந்தேகம் இருந்தால் டிக்கெட் எண்ணையும் வண்டி எண்ணையும் கவுன்சில் இணையதளத்தில் நீங்களே தட்டிப் பாருங்கள். வார்டன் எடுத்த படம் வரவேண்டும். சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் வருகிற தாள் தனியார் கம்பெனியுடையது, மேலே எழுதிய எதுவும் அதற்குப் பொருந்தாது. அதைப் பற்றிக் கேட்க வேண்டுமானால் தனியாகக் கேளுங்கள்.